மூளைத்தண்டருகே நீர்க்கட்டி: நகையை அடகு வைக்குமுன் தெரிய வேண்டியவை

எம்ஆர்ஐ அறிக்கையில் மூளைத்தண்டுக்கு (மூளையை முள்ளந்தண்டு நரம்போடு இணைக்கும் அடிப்பகுதி) பக்கத்தில் நீர்க்கட்டி என்று வந்ததும் வீட்டில் எழும் முதல் கேள்வி, எத்தனை இலட்சம் தேவைப்படும் என்பதுதான். இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் கிடையாது, மூளைச் சத்திரசிகிச்சைக்கும் அப்படித்தான். கொழும்பு 10இல் உள்ள தேசிய வைத்தியசாலையில், அதாவது நம்மவர்களின் பெரியாஸ்பத்திரியில், நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவு இருக்கிறது. தனியாரிடம் சேனல் பண்ணிப் பார்த்தவர்களும் அந்த வைத்தியரின் கடிதத்தோடு அங்குள்ள கிளினிக்கில் காட்டலாம். அறிக்கைத் தாள் மட்டும் போதாது, படங்கள் உள்ள சிடியையும் கொண்டுபோங்கள். வைத்தியர் பார்த்து முடிவெடுப்பது படத்தை வைத்துத்தான்.

இந்த இடத்தில் வரும் நீர்க்கட்டிகள் அரிதானவை, பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. சிறிதாக, தொந்தரவு தராமல் இருந்தால் அவ்வப்போது எம்ஆர்ஐ எடுத்துக் கவனித்தாலே போதும் என்று நிபுணர் சொல்லக்கூடும். நரம்புகளை அழுத்தி இரட்டைப் பார்வை, விழுங்கச் சிரமம், நடையில் தள்ளாட்டம் வந்தால்தான் பெரும்பாலும் சத்திரசிகிச்சைப் பேச்சு வரும். மண்டையைப் பெரிதாகத் திறக்காமல் மூக்கு வழியாகவோ காதுக்குப் பின்னால் சிறு துளையிட்டோ, சுமார் 4 மில்லிமீற்றர் தடிப்புள்ள எண்டோஸ்கோப்பை (உள்ளே பார்க்க உதவும் மெல்லிய குழாய்) உள்ளே விட்டுக் கட்டியை அகற்றும் முறை உண்டு. எல்லாக் கட்டிக்கும் அது பொருந்தாது. கட்டி நரம்புக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே வழி அமையும். ஆகவே “எனக்கு எண்டோஸ்கோப்பிதான் வேணும்” என்று பிடிவாதம் பிடிக்காமல், ஏன் இந்த வழி என்று கேளுங்கள்.

சரி, வெளியில் பரிசோதனை செய்யவோ பொருள் வாங்கவோ, தனியாரில் சத்திரசிகிச்சை செய்யவோ நேர்ந்தால்? அதற்குத்தான் ஜனாதிபதி நிதியம். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்த நிதியம் குறைந்த வருமானக் குடும்பங்களின் சிகிச்சைக்கு உதவுகிறது. 2025 முதல் உங்கள் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். முழுச் செலவையும் எதிர்பார்க்க வேண்டாம், சிகிச்சைக்குச் சிகிச்சை உச்சவரம்பு உண்டு. திகதி குறித்தவுடனே, சத்திரசிகிச்சைக்கு முன்பே செயலகத்துக்குப் போய்விடுங்கள். வருமானத்தை உறுதிப்படுத்தக் கிராம உத்தியோகத்தரையும் பார்க்க வேண்டியிருக்கும். அரச ஊழியரென்றால் அக்ரஹார காப்புறுதியையும் விசாரியுங்கள்.

கொழும்பில் பலர் சிங்களப் படிவத்தில் விளங்காமலே ஒப்பமிடுகிறார்கள். என் மனதை உறுத்துவது இதுதான். அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழிலேயே பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. சம்மதப் படிவத்தில் ஒப்பமிடுமுன், அதில் உள்ளதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். கூச்சப்படவே வேண்டாம்.

மூக்கு வழியாகச் செய்தவர்கள் வீடு வந்த பிறகு, வைத்தியர் சொல்லும்வரை மூக்கைப் பலமாகச் சிந்தக் கூடாது. குனியும்போது மூக்கிலிருந்து தெளிந்த நீர் வடிந்தாலோ, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் வந்தாலோ அடுத்த கிளினிக் நாள்வரை காத்திருக்காதீர்கள். மூளையைச் சுற்றியுள்ள திரவம் கசியலாம், மூளைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.