தாய்ச்சி பழகுகிறீர்களா? பாதத்தைத் திருப்ப முன் பாரத்தை எடுங்கள்

"நான் ஓடவும் இல்லை, விழவும் இல்லை. மெதுவாகத்தானே பிள்ளை செய்தனான்" என்றார் அந்த அன்ரி. அறுபதைத் தாண்டியவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. வெள்ளவத்தையில் தன் வீட்டு ஹோலில், யூடியூப் காணொளியைப் பார்த்து ஐந்து வாரமாகத் தாய்ச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சியைப் பழகியிருக்கிறார். வலது முழங்காலின் உட்பக்கம் வீங்கியிருந்தது. மாடிப்படி இறங்கினால் குத்துகிறது என்றார்.

நான் கொழும்பில் இயன்மருத்துவராக வேலை செய்கிறேன். பிரஷர், நீரிழிவு என்று வைத்தியர் உடற்பயிற்சி செய்யச் சொன்னதும், ஓட முடியாது, ஜிம்முக்குப் போகக் கூச்சம், அதனால் தாய்ச்சி என்று முடிவெடுத்தவர்கள் அவ்வப்போது என்னிடம் வருகிறார்கள். நல்ல முடிவுதான். ஆனால் மெதுவாகச் செய்வதால் முழங்காலுக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கை எனக்குக் கவலை தருகிறது. மெதுவாகச் செய்யும்போது மடித்த முழங்கால் உங்கள் எடையை அதிக நேரம் தாங்குகிறது. அடியெடுத்து வைப்பதில் ஒரு பிழை இருந்தால் அந்தப் பிழையும் அவ்வளவு நேரம் நீடிக்கிறது.

"சரி அன்ரி, வீட்டில் செய்கிற மாதிரியே செய்து காட்டுங்கள்" என்றேன். அவர் பழகியது தாய்ச்சியின் முறைகளில் ஒன்றான யாங் முறையின் 24 அசைவுத் தொகுப்பு. 1956 இல் சீன அரசின் விளையாட்டுத் துறை பொதுமக்களுக்காகச் சுருக்கி அமைத்தது அது. இன்று பெரும்பாலான ஆரம்பப் பயிற்சிகள் அதிலிருந்துதான் தொடங்குகின்றன. அதன் இரண்டாவது அசைவு, காட்டுக் குதிரையின் பிடரியைப் பிரிப்பது. முதல் அடி அழகாக வந்தது. அடுத்த அடிக்குப் போகும்போது, முழு எடையும் முன்காலில் இருக்க, அந்தப் பாதத்தை அப்படியே தரையில் தேய்த்து வெளியே திருப்பினார். பாதம் வெளியே போக, முழங்கால் உள்ளே சரிந்தது. ஒரு நாளில் இருபது முப்பது தடவை இப்படி நடந்திருக்கும். வீக்கத்துக்குக் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டியிருக்கவில்லை.

முழங்காலை ஒரு கதவின் பிணைச்சலாக நினைத்துப் பாருங்கள். மடங்கும், நிமிரும். மடித்திருக்கும்போது கொஞ்சம் திரும்பவும் செய்யும், ஆனால் அது குறைந்த அளவே. இடுப்பு மூட்டு அப்படியில்லை. தொடையெலும்பின் உருண்டைத் தலை ஒரு கிண்ணத்துக்குள் இருப்பதால் எல்லாப் பக்கமும் சுழலும். உடலைத் திருப்பும் வேலைக்கு உரியது அந்த மூட்டுத்தான். வருடக்கணக்கில் அலுவலகக் கதிரையிலும் காலி வீதி நெரிசலில் வாகனத்துக்குள்ளும் இருந்து இடுப்பு இறுகிப்போனவர்களுக்கு அங்கே திரும்ப வராது. பாதமோ எடையால் நிலத்தில் ஒட்டியிருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அகப்படுவது முழங்கால். அதற்குள் பிறை வடிவில் இரண்டு குருத்தெலும்புத் தட்டுகள் இருக்கின்றன, மெனிஸ்கஸ் என்பார்கள். எடையைத் தாங்கிக்கொண்டு முறுக்கும்போது அவை எலும்புகளுக்கிடையில் நசுங்குகின்றன. வயது கூடக்கூட அவை உலர்ந்து எளிதில் கிழியும் தன்மைக்கு வருவதால், ஐம்பது தாண்டியவருக்குக் கிழிய ஒரு பெரிய விபத்துத் தேவையில்லை.

இதைச் சொன்னதும் அன்ரி "அப்ப விட்டுவிடட்டோ?" என்று கேட்டார். விட வேண்டாம் என்றேன். முழங்கால் மூட்டுத் தேய்வு உள்ளவர்களுக்கே தாய்ச்சி உதவுகிறது. பொஸ்டனில் 204 பேரை வைத்து, ஒரு பகுதியினருக்கு வாரம் இரண்டு தடவையாக 12 வாரம் தாய்ச்சியும், மற்றவர்களுக்கு வழக்கமான இயன்மருத்துவமும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2016 இல் வெளியானது. வலி குறைவதில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. அமெரிக்க வாதநோய் வைத்தியர்களின் கல்லூரியின் 2019 ஆம் ஆண்டு வழிகாட்டலும் முழங்கால் தேய்வுக்குத் தாய்ச்சியை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. ஆனால் பொஸ்டன் ஆய்வில் பங்குபற்றியவர்களுக்குப் பக்கத்தில் நின்று திருத்த ஒரு ஆசிரியர் இருந்தார். காணொளி உங்கள் முழங்காலைப் பார்க்காது.

ஆகவே ஆரம்பத்தில் நான் கேட்பது ஒன்றுதான்: பாதத்தைத் திருப்ப முன் அதிலிருந்து பாரத்தை எடுத்துவிடுங்கள். தாய்ச்சி ஆசிரியர்கள் வெறுங்கால் (பாரமில்லாத கால்), நிறைகால் (பாரம் தாங்கும் கால்) என்று பிரித்துச் சொல்வது இதைத்தான். வெறுங்கால்தான் திரும்பலாம்.

வீட்டில் இப்படிப் பழகிப் பாருங்கள். ஒரு கனமான கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு இடது காலை ஓர் அடி முன்னே வையுங்கள். மெல்லப் பின்னால் போய் எடை முழுவதையும் வலது காலுக்குக் கொடுங்கள். இப்போது இடது பாதத்தின் விரல்கள் சிரமமில்லாமல் மேலே எழும்பும். எழும்பாவிட்டால் இன்னும் பாரம் அங்கே இருக்கிறது. குதிக்கால் மட்டும் நிலத்தைத் தொட்டிருக்க, இடுப்பை இடப்பக்கம் திருப்புங்கள். தொடை, முழங்கால், பாதம் மூன்றும் ஒரே துண்டாகச் சேர்ந்து திரும்ப வேண்டும். பாதத்தை முழுதாக வைத்த பிறகே எடையை அதன்மேல் கொண்டுவாருங்கள். சந்தேகமாக இருந்தால் முன்பாதத்தின் கீழ் ஒரு கடதாசியை வைத்து, வீட்டில் யாரையாவது இழுக்கச் சொல்லுங்கள். கிழியாமல் வந்தால் கால் வெறுமையாக இருக்கிறது. வீக்கம் வற்றியபின் அன்ரி இதைப் பழகத் தொடங்கிய முதல் நாள் எட்டுக் கடதாசி கிழிந்தது. இரண்டாம் வாரம் ஒன்றுகூடக் கிழியவில்லை.

சில தாய்ச்சி ஆசிரியர் பரம்பரைகளில் பாரத்தோடே குதிக்காலில் திரும்பச் சொல்லிக்கொடுப்பார்கள். இடுப்பு நன்றாகத் திறந்தவர்கள் செய்யட்டும். முதல் வருடத்தில் நீங்கள் செய்ய வேண்டாம்.

அடியின் அகலமும் முக்கியம். மரைன் டிரைவ் ஓரமாகப் போகும் ரயில் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாதம் ஒரு தண்டவாளத்தில், மற்றப் பாதம் மற்றதில், இடைவெளி மட்டும் உங்கள் தோளளவு. புதிதாகப் பழகுபவர்கள் இரண்டு பாதங்களையும் ஒரே தண்டவாளத்தில் வைத்துவிட்டு, விழாமல் நிற்க முழங்காலை ஆட்டுகிறார்கள். முழங்கால் சில்லு இரண்டாவது கால்விரலின் பக்கம் பார்க்க வேண்டும். "முழங்கால் விரலைத் தாண்டக் கூடாதாமே?" என்று பலர் கேட்கிறார்கள். ஆரம்பத்தில் தாண்டாமல் வைத்திருப்பது நல்லது. ஆனால் என் அனுபவத்தில், ஓர் அங்குலம் முன்னே போனதால் வந்தவர்களைவிட, உள்ளே சரிந்ததால் வந்தவர்கள்தான் மிக அதிகம்.

பத்தாவது அசைவான மேகக் கைகளில் இது மறுபடி வரும். கைகள் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குப் போக, முழங்கால்கள் இரண்டும் வைப்பர் போல் கூடவே ஆடும். முழங்கால்களை அசையவிடாமல் வைத்துக்கொண்டு, தொடையும் வயிறும் சேரும் மடிப்பிலிருந்து திரும்புங்கள். உடல் குறைவாகத்தான் திரும்பும். குறைவாகவே திரும்பட்டும்.

அப்புறம், தாழ்ந்து நிற்கும் ஆசை. திரையில் வருபவர் தொடை நிலத்துக்குச் சமாந்தரமாக நிற்பார், அவர் சின்ன வயதிலிருந்து பழகியவராக இருக்கக்கூடும். படி இறங்கும்போதே முழங்காலில் உங்கள் எடையைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு பாரம் விழுகிறது. மடிப்புக் கூடினால் சில்லின் பின்பக்க அழுத்தமும் கூடும். உயரமான கதிரையின் விளிம்பில் இருக்கப் போகிறவர்போல் சற்று மடித்தால் போதும். 16, 17 ஆவது அசைவுகளில் ஒரு காலில் ஆழமாக இறங்கச் சொல்வார்கள். அதைப் பாதியளவு செய்யுங்கள், அல்லது சில மாதங்களுக்கு விட்டுவிடுங்கள். தொகுப்பு முழுமையடையாது என்று வருந்தத் தேவையில்லை.

எங்கே நிற்கிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கொழும்பு வீடுகளில் பெரும்பாலும் டைல்ஸ். சப்பாத்துப் போடாத, வியர்த்த கால் அதில் ஒரு நேரம் ஒட்டும், ஒரு நேரம் வழுக்கும். ரப்பர் செருப்போடு செய்யவே வேண்டாம். ஓடுவதற்கான தடித்த சப்பாத்துகளின் அடிப்பகுதி நிலத்தைக் கவ்விப் பிடிக்கும், பாதம் திரும்பாமல் முழங்கால் முறுகும். மெல்லிய, தட்டையான அடியுள்ள கன்வஸ் சப்பாத்து நல்லது. விகாரமகாதேவி பூங்காவின் புல் காலையில் இதமாகத்தான் இருக்கும், ஆனால் மழைக்குப் பிறகு பாதம் புதையும். காலிமுகத்திடலில் மேடு பள்ளம் பார்த்து நில்லுங்கள். எனக்குப் பிடித்தது சமமான, காய்ந்த சீமெந்துத் தரை.

தொடங்க முன் முழங்காலில் கைகளை வைத்து வட்டமாகச் சுழற்றும் பயிற்சியைப் பாடசாலையிலேயே பழகியிருப்பீர்கள். வலியுள்ளவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. பிணைச்சலைச் சுழற்றுவதால் என்ன பயன்? ஐந்து நிமிடம் நடங்கள், இடுப்பை மெதுவாகச் சுழற்றுங்கள், கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தடவை எழும்பி இருங்கள். முதல் இரண்டு வாரம் பயிற்சி பத்து நிமிடம் போதும்.

தொடைத் தசை உளைவது வழக்கம், ஓரிரு நாளில் போய்விடும். மூட்டுக்குள் வலி என்றால் வேறு கதை. அடுத்த நாள் காலையில் முந்தைய நாளைவிட வலி கூடியிருந்தால் நேரத்தையும் ஆழத்தையும் பாதியாக்குங்கள். முழங்கால் வீங்கினால், மடித்த நிலையில் பூட்டிக்கொண்டால், நடக்கையில் திடீரென்று விட்டுக்கொடுத்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தாலோ, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி நொந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எண்ணெய் தடவிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

அன்ரிக்கு வீக்கம் வற்ற மூன்று வாரம் எடுத்தது. அந்த நாட்களில் கதிரையில் இருந்தபடி கை அசைவுகளை மட்டும் செய்தார். இப்போது வாரம் ஒரு நாள் ஆசிரியரிடம் போகிறார், மற்ற நாட்களில் வீட்டில். குதிரைப் பிடரிக்கு வந்ததும் பின்னால் போய், விரல்களைத் தூக்கி, ஒரு மூச்சு நிறுத்திவிட்டுத்தான் திரும்புகிறார். பதினாறாவது அசைவில் கதிரையைத் தொட்டபடி பாதிதான் இறங்குகிறார்.