ஆக்டினோமைகோசிஸ்: தமிழில் எப்படிச் சொல்வது?

வயிற்றுக்குள் பலகைபோல் இறுகிய ஒரு கட்டி. ஸ்கேனில் பார்த்தால் குடலையும் வயிற்றுச் சுவரையும் சேர்த்துப் பிடித்திருக்கும். எடை குறையும், காய்ச்சல் விட்டுவிட்டு வரும். பெரும்பாலும் புற்றுநோய் என்றே சந்தேகம் எழும். அறுத்தெடுத்த பிறகுதான் ஆக்டினோமைகோசிஸ் என்று தெரியவரும்.

கிரேக்கத்தில் ‘ஆக்டிஸ்’ என்றால் ஒளிக்கதிர், ‘மைக்கெஸ்’ என்றால் காளான். 1877இல் மாட்டின் தாடைக்கட்டியை ஆராய்ந்தபோது, நடுவிலிருந்து கதிர்போல் விரியும் இழைகளைக் கண்டு ஹார்ட்ஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் இந்தப் பெயரை வைத்தார். அது காளானல்ல, பாக்டீரியா. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. ‘கதிர்ப்பூஞ்சை நோய்’ என்று தமிழாக்கினால் அதே பிழையைச் சுமக்கிறோம். பூஞ்சை மருந்து இதைத் தொடவே தொடாது. ‘கதிரிழைத் தொற்று’ என்பதே பொருந்தும்.

கோத்தகிரிப் பக்கம் கதிர் என்றதும் ராகியும் சாமையும் நினைவுக்கு வரும். தானியத் தாளை மென்றால் இந்நோய் வரும் என்று முன்பு மருத்துவர்களே நம்பினார்கள். உண்மையில் இக்கிருமி நம் வாயிலும் குடலிலும் இயல்பாகவே வாழ்கிறது. மாட்டிடமிருந்து தொற்றுவதில்லை. குடல்வால் வெடித்தபின், வயிற்று அறுவைக்குப்பின், கருப்பையில் வைக்கும் கருத்தடைச் சாதனமான காப்பர்-டியை மாற்றாமல் பல ஆண்டுகள் வைத்திருந்தால், சளிச்சவ்வு சேதமான இடம் வழியாக உள்ளே புகும்.

சீழில் மஞ்சள் மணிகள் தெரியலாம். ‘கந்தகத் துகள்’ என்பார்கள். நிறம்தான் கந்தகம், உள்ளே இருப்பது கிருமித் திரள். கட்டுத்துணியில் ஒட்டியிருந்தால் எறியாமல் ஆய்வகத்துக்குக் கொடுக்க வேண்டும். திசு முழுவதையும் பதப்படுத்தும் திரவமான ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும், வளர்க்க முடியாது. ஒரு பகுதியை ஃபார்மலின் இல்லாமல், காற்றுப்படாத குப்பியில், குளிர்சாதனத்தில் வைக்காமல் அனுப்ப வேண்டும். மாதிரியை உதகையிலிருந்து கோவைக்கு இறக்கும்போது பழக்கத்தில் ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடக் கூடாது. படிவத்தில் ‘கதிரிழைத் தொற்று (ஆக்டினோமைகோசிஸ்) சந்தேகம், ஆக்சிஜனற்ற வளர்ப்பு, குறைந்தது 14 நாள்’ என்று எழுதுங்கள். வழக்கம்போல் சில நாளில் வளர்ப்புத் தட்டை எடுத்துவிட்டால் ‘கிருமி இல்லை’ என்றே முடிவு வரும். முன்பே ஆன்டிபயாட்டிக் கொடுத்திருந்தாலும் அப்படித்தான்.

மருந்து பழைய பென்சிலின்தான். கடுமையான தொற்றுக்கு நாளொன்றுக்கு 1.8 முதல் 2.4 கோடி யூனிட் வரை ரத்தநாளம் வழியே 2 முதல் 6 வாரம். பிறகு 6 முதல் 12 மாதம் வாய்வழியாக அமாக்சிசிலின் அல்லது பென்சிலின் வி. ஆக்சிஜனற்ற சூழலில் வளரும் கிருமிகளுக்கு வழக்கமாகத் தரும் மெட்ரோனிடசோல் மட்டும் கொடுத்தால் இது அடங்காது. வலி போனதும் மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்குக் கட்டி திரும்பி வரக்கூடும்.