பேச்சு நிற்கும் இடம்

“நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஜனவரி மாதச் சென்னை மாரத்தானுக்குத் தயாராகிறோம். ‘பக்கத்தில் ஓடுகிறவரோடு பேச முடிகிற வேகத்தில் ஓடுங்கள், போதும்’ என்கிறார் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பவர். அரட்டை அடித்துக்கொண்டு மெதுவாக ஓடினால் வேகம் எப்படி வரும்? பேச்சுக்கும் பயிற்சிக்கும் என்ன சம்பந்தம்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடலாம். மாரத்தான் 42.195 கி.மீ. ஓடும்போது ஒவ்வொரு கிலோ எடைக்கும் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோகலோரி செலவாகிறது. 65 கிலோ எடையுள்ளவருக்கு மொத்தம் 2,700 வரும். தசையிலும் ஈரலிலும் கிளைக்கோஜனாகச் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து சுமார் 500 கிராம்தான், அதிலிருந்து கிடைப்பது 2,000. 30 கி.மீ. தாண்டியதும் கால் இரும்பாகக் கனக்கிறதே, ஓட்டக்காரர்கள் ‘சுவர்’ என்கிறார்களே, அது பெரும்பாலும் இந்தக் கையிருப்பு தீர்ந்துபோவதால்தான். கொழுப்போ ஒல்லியான உடம்பில்கூட ஏறக்குறைய 50,000 கிலோகலோரி அளவுக்கு இருக்கிறது. ஆனால் அதை எரிக்க ஆக்சிஜனும், தசைச் செல்லுக்குள் அடுப்பு போல வேலை செய்யும் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஏராளமாகவும் வேண்டும்.

அந்த மைட்டோகாண்ட்ரியாக்களை ஓட்டத்தால் பெருக்க முடியும் என்பதை 1967இல் உடலியல் ஆய்வாளர் ஜான் ஹாலோசி எலிகளை வைத்துக் காட்டினார். வாரக்கணக்கில் ஓடவிட்ட எலிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரிய நொதிகளின் செயல்பாடு ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. கூடவே தசை நாரைச் சுற்றியுள்ள தந்துகிகள் என்ற நுண்ணிய இரத்தக் குழாய்களும் அதிகமாகின்றன. இவையெல்லாம் நடக்க மணிக்கணக்கில் ஓட வேண்டும். வேகமாக ஓடினால் அத்தனை மணி நேரம் தாங்காது. நார்வேயில் பணியாற்றும் அமெரிக்க விளையாட்டு உடலியலாளர் ஸ்டீபன் சைலர், உலகத்தரப் படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள், ஓட்டக்காரர்கள் ஆகியோரின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்தபோது, ஐந்தில் நான்கு பங்குப் பயிற்சிகள் மெதுவானவையாகவே இருந்தன.

இரண்டாவது கேள்விதான் எனக்குப் பிடித்தது. மெதுவாக என்றால் எவ்வளவு மெதுவாக? அந்த எல்லைக்கோட்டைப் பேச்சு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 16 முறை மூச்சுவிடுகிறோம். ஓடும்போது அது 35 முறைக்கு மேலும் போகும். அப்படியென்றால் உள்மூச்சு, வெளிமூச்சு இரண்டும் சேர்ந்து 2 விநாடிகூட இல்லை. பேச்சோ வெளிமூச்சில் மட்டும்தான் வரும். ஒரு சாதாரண வாக்கியத்தை முடிக்க 3 விநாடியாவது வேண்டும். ஆகவே ஓடிக்கொண்டே பேசுகிறவர், சட்டென்று ஓர் உள்மூச்சு இழுத்துக்கொண்டு, அதை இழுத்து இழுத்துச் செலவு செய்கிறார். அந்த 3 விநாடியில் நுரையீரலுக்குள் வந்துபோக வேண்டிய காற்று வந்துபோகவில்லை. வெளியேற வேண்டிய கார்பன் டை ஆக்சைடு இரத்தத்தில் தங்குகிறது.

மூச்சுமுட்டுவது ஆக்சிஜன் போதாததால் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கடல் மட்டத்தில் ஓடும் ஆரோக்கியமான ஒருவருக்குத் தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் பெரிதாகக் குறைவதில்லை. ‘மூச்சை விடு, விடு’ என்று விரட்டுவதில் பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடுக்கும் இரத்தத்தின் அமிலத்தன்மைக்கும் உண்டு. இவற்றை வேவு பார்க்க உடலில் இரண்டு காவல் நிலையங்கள். ஒன்று மூளையின் அடியில், முகுளத்தில் இருக்கிறது. இன்னொன்று தாடைக்குக் கீழே, கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் கவட்டையில், ஓர் அரிசி மணி அளவே உள்ள உறுப்பு. கழுத்தின் இரு பக்கமும் ஒவ்வொன்று. பெரிய தமனிகளில் உள்ள இந்த உணர்விகள் மூச்சை எப்படிக் கட்டுப்படுத்துகின்றன என்று கண்டறிந்ததற்காகத்தான் பெல்ஜியத்தின் கோர்னே ஹேமன்ஸுக்கு 1938ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மெதுவான ஓட்டத்தில் இந்தக் காவலர்கள் பொறுமையாக இருப்பார்கள். தசை அப்போது கொழுப்பைக் கணிசமாக எரிக்கிறது. கொழுப்பை எரிக்க 10 ஆக்சிஜன் மூலக்கூறு செலவானால் 7 கார்பன் டை ஆக்சைடு வரும், சர்க்கரையை எரித்தால் பத்துக்குப் பத்து. ஆக, கொழுப்பில் ஓடும் உடம்பு வெளியேற்ற வேண்டிய வாயு குறைவு. ஒரு வாக்கியம் முடியும்வரை அது கொஞ்சம் தேங்கினாலும் அடுத்த இரண்டு மூச்சில் சரிக்கட்டிவிடலாம்.

இப்போது வேகத்தைக் கூட்டுவோம். தசை சர்க்கரையை அவசரமாக உடைக்கிறது. மைட்டோகாண்ட்ரியா வாங்கிக்கொள்ளும் வேகத்தை மீறி, சர்க்கரை பாதி உடைந்து வரும் பைருவேட் குவிய, அது லாக்டேட்டாக மாறுகிறது. அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிகளும் கூடவே இரத்தத்தில் இறங்குகின்றன. அமிலம் ஏறினால் ஆபத்து என்பதால் இரத்தம் எப்போதும் ஒரு மருந்தைக் கைவசம் வைத்திருக்கிறது: பைகார்பனேட். ஆப்ப மாவில் போடுகிறோமே, அதே சோடா உப்பின் பைகார்பனேட்தான், லிட்டருக்கு ஏறக்குறைய 24 மில்லிமோல். சோடா உப்பில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் என்ன ஆகும்? நுரைத்துப் பொங்கும். அந்த நுரை கார்பன் டை ஆக்சைடு. ஓடுகிறவரின் இரத்தத்திலும் இதே வினைதான். பைகார்பனேட் அமிலத்தைப் பிடித்துக் கார்பானிக் அமிலமாகிறது. கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி அதைக் கண்ணிமைப்பதற்குள் தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் பிரித்துவிடுகிறது. இரத்தம் பொங்குவதில்லை. வாயு கரைந்த நிலையிலேயே நுரையீரலுக்குப் போய்விடும். அமிலத்தைத் திரவமாக வாங்கி வாயுவாக ஊதித் தள்ளும் இந்த ஏற்பாட்டைவிட அழகான வேதியியலை உடலில் வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

ஒரு மில்லிமோல் அமிலத்தை இப்படி அடக்கினால் சுமார் 22 மி.லி. வாயு கிடைக்கும். எரிபொருளிலிருந்து வரும் வாயுவுக்கு மேல் இது உபரி. ஆகவே ஒரு குறிப்பிட்ட வேகம்வரை ஓட்டத்துக்கு ஏற்றபடி சீராகக் கூடிவந்த மூச்சு, அந்த இடத்தில் திடீரெனச் செங்குத்தாக ஏறுகிறது. ஆய்வுக்கூடத்தில் முகமூடி மாட்டி அளந்தால் வரைபடத்தில் முழங்கை போல ஒரு மடிப்புத் தெரியும். கார்ல்மன் வாஸர்மனும் மெக்கில்ராயும் 1964இல் இந்த மடிப்பை வைத்துத்தான் உழைப்பின் எல்லையைக் குறித்தார்கள். மூச்செல்லை என்று அதை அழைக்கலாம். காரணம் அமிலம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. மெக்ஆர்டில் நோய் உள்ளவர்களின் தசை லாக்டேட்டையே உண்டாக்குவதில்லை, ஆனாலும் கடும் உழைப்பில் அவர்களுக்கும் மூச்சு இரைக்கிறது. தசையிலிருந்து வரும் நரம்புச் செய்திகளுக்கும் மூளையின் கட்டளைக்கும் இதில் பங்கு உண்டு.

எது எப்படியானாலும், எல்லையைத் தாண்டியவரால் வெளியேற்றத்தை 3 விநாடி தள்ளிப்போட முடியாது. கழுத்திலுள்ள அரிசி மணி விடாது. வாக்கியம் உடைகிறது.

அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா க்ராஸ் வளாகத்தில் கார்ல் ஃபாஸ்டர் குழுவினர் இதைச் சோதித்தார்கள். ஓடுபொறியில் (டிரெட்மில்) வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் அந்நாட்டுப் பள்ளி உறுதிமொழியைச் சொல்லவைத்து, ‘சௌகரியமாகப் பேச முடிகிறதா’ என்று கேட்டார்கள். ‘முடிகிறது’ என்றவர்கள் மூச்செல்லைக்குக் கீழே இருந்தார்கள். ‘தெரியவில்லை, ஏதோ முடிகிறது’ என்ற இடம் எல்லைக்கு மிக அருகே இருந்தது. ‘முடியவில்லை’ என்றவர்கள் தாண்டியிருந்தார்கள். நம் பள்ளிக் காலை வணக்கத்தில் சொன்ன ‘இந்தியா எனது நாடு, இந்தியர் அனைவரும் என் உடன் பிறந்தவர்கள்’ இதற்கு நன்றாகவே பொருந்தும். தனியாக ஓடும் நாளில் இரண்டு குறளை அடுத்தடுத்துச் சொல்லிப் பார்க்கலாம்.

தமிழில் பேசுகிறவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருவதால், மூச்சு எங்கே அறுந்தது என்று கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். “நேத்து சாயங்காலம் எங்கப்பா ஊர்லேருந்து வந்துட்டாரு” என்று ஒரே மூச்சில் வந்தால் மெதுவான ஓட்டம், அப்படியே போகலாம். “நேத்து சாயங்காலம்… எங்கப்பா… ஊர்லேருந்து…” என்று ‘வந்துட்டாரு’க்கு நாம் காத்திருக்க நேர்ந்தால் எல்லையில் இருக்கிறார். கேட்டதற்கு ‘ம்’ மட்டும் வந்தால் தாண்டிவிட்டார். முக்கித் திணறி ஒருவர் பேசிவிடலாம் என்பதால், பேசினாரா என்று பார்க்காதீர்கள். மூச்சை வாக்கியத்தின் நடுவில் இழுத்தாரா, முடிவில் இழுத்தாரா என்று கேளுங்கள்.

கைக்கடிகாரம் போதாதா என்று தோன்றும். அதிகபட்ச இதயத் துடிப்பைக் கணிக்க 220இலிருந்து வயதைக் கழிக்கும் சூத்திரம் பலருக்கு 10, 12 துடிப்பு தவறும். மணிக்கட்டில் ஒளியால் அளக்கும் கடிகாரம் சில சமயம் துடிப்புக்குப் பதிலாகக் காலடியை எண்ணிவிட்டு, சாவகாசமாக ஓடுகிறவருக்கு 170 என்று காட்டும். இவற்றைவிடப் பெரிய சிக்கல் நம் ஊர் வெக்கை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் போகும். ஈரப்பதம் மிகுந்த செப்டம்பர், அக்டோபர் விடியலில் வியர்வை ஆவியாகாமல் சொட்டி வீணாகிறது. இரத்தம் தோலுக்குத் திருப்பிவிடப்படுகிறது, வியர்வையால் அதன் நீரும் குறைகிறது. அதே வேகத்துக்கு இதயம் ஒன்றரை மணி நேரம் கழித்து 10, 15 துடிப்பு கூடுதலாக அடிக்கும். சென்ற வாரம் கிலோமீட்டருக்கு 7 நிமிடம் மெதுவான வேகமாக இருந்திருக்கலாம், இந்த வாரம் அதுவே கடினமாகலாம். பேச்சு இதையெல்லாம் தானாகவே கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. இரத்த அழுத்தத்துக்குப் பீட்டா தடுப்பு மாத்திரை (இதயத் துடிப்பை மட்டுப்படுத்துவது) சாப்பிடுகிறவருக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது, கடிகாரம் ஏமாற்றும், பேச்சு ஏமாற்றாது. ஆஸ்துமா உள்ளவருக்கும் சளி பிடித்தவருக்கும் மட்டும் இந்த அளவுகோல் சரிவராது.

இனி ஐந்து பேர் கணக்குக்கு வருவோம். 16 வாரம் கையில் இருப்பதாக வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 4 அல்லது 5 நாள் ஓட்டம். ஞாயிறு நீண்ட ஓட்டத்தை 14 கி.மீ.யில் தொடங்கி வாரம் 2 கி.மீ. கூட்டுங்கள், ஒவ்வொரு நான்காவது வாரமும் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். 13ஆம் வாரம் 32 கி.மீ. வரும். கடைசி மூன்று வாரம் இறங்குமுகம். வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் 2 கி.மீ. உடலைச் சூடேற்றிவிட்டு, மூன்று நான்கு சொல்லுக்குமேல் தொடர்ந்து வராத வேகத்தில் 20 நிமிடம். மற்றதெல்லாம் முழு வாக்கியம் பேசும் வேகம்.

குழுவில் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். ஒருவர் மற்றவரைவிட அரை அடி முன்னால் ஓடுவார், பக்கத்திலிருப்பவர் ஈடுகொடுப்பார், இவர் மறுபடி அரை அடி. அரை மணி நேரத்தில் மெதுவான ஓட்டம் சத்தமில்லாமல் பந்தயமாகியிருக்கும். மேம்பாலத்தில் ஏறும்போதும் இதே தவறு. தரையில் ஓடிய வேகத்தை விடாமல் பிடிப்பார்கள், பாதி ஏற்றத்தில் பேச்சு நின்றுவிடும். 10 நிமிடத்துக்கு ஒருவர் என்று முறைவைத்துப் பேசுங்கள். யார் வாக்கியம் உடைகிறதோ அவர் சொல்வதுதான் அந்த நேரத்து வேகம். ஐந்து பேரின் எல்லையும் வெகுவாக மாறுபட்டால் தூரத்தைக் கணக்கிடாமல் நேரத்தைக் கணக்கிடுங்கள். 90 நிமிட ஓட்டம் என்றால் ஒரே இடத்தில் கிளம்பி, அவரவர் வேகத்தில் போய், 45ஆம் நிமிடத்தில் யார் எங்கே இருந்தாலும் திரும்பிவிட வேண்டும். வேகமானவர் அதிக தூரம் போயிருப்பார், ஆனாலும் ஒரே சீராக ஓடினால் எல்லோரும் கிளம்பிய இடத்துக்கு ஒரே நேரத்தில் வந்து சேர்வீர்கள். வழியில் பேச்சுத்துணைக்கு இரண்டு பேராவது ஒரே வேகத்தில் அமைவது நல்லது.

ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள், இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும், அது உயிருக்கே ஆபத்து. மறுநாள் கால்வலிக்கு லாக்டிக் அமிலம்தான் காரணம் என்று இன்றும் சொல்லிக்கொடுக்கிறார்கள். லாக்டேட் ஒரு மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து போய்விடும், இதயமே அதை விரும்பி எரிக்கிறது. மறுநாள் வலி தசை நாரின் நுண்சேதத்தால் வருவது. பிளாஸ்டிக் சட்டை போட்டு ஓடினால் கொழுப்பு உருகும் என்று நம்புகிறவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. அதில் போவது நீர் மட்டும்தான். வியர்வை ஆவியாகும் வழியை அடைத்துக்கொண்டு நம் ஊர் ஈரப்பதத்தில் ஓடுவது வெப்ப மயக்கத்தை வலியப் போய் வரவழைப்பது.

மேலே சொன்ன பேச்சுச் சோதனை ஆங்கிலம் பேசுகிறவர்களிடம், குளுகுளு அறையில் நடந்தது. தமிழ் வாக்கியத்தோடு, நம் விடியல் வெப்பத்தில், நடுத்தர வயதுப் பெண்களையும் சேர்த்து இதை அளந்து பார்க்க வேண்டும். சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் விளையாட்டுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, மருத்துவக் கல்லூரிதோறும் உடலியல் துறை இருக்கிறது. தேவை ஒரு ஓடுபொறியும் வாயு அளக்கும் கருவியும்தான். விற்பனைக்கு ஒரு பொருளும் தராத இத்தகைய ஆய்வுக்கு அரசுதான் பணம் ஒதுக்க வேண்டும், ஒதுக்கினால் பூங்காவில் நடக்கும் சர்க்கரை நோயாளிக்கும் அது பயன்படும்.

பந்தய நாளன்று முதல் 30 கி.மீ. சிறு வாக்கியமாவது பேச முடிகிற வேகத்தில் போங்கள். அதன்பிறகு யாரும் பேசமாட்டார்கள், பேச வேண்டியதும் இல்லை. ஆனால் பக்கத்தில் வருகிறவரின் பேச்சு மூச்சிரைப்பால் அல்லாமல் குழறலாக மாறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வந்தாலோ உங்கள் ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளையைத் தொட்டிருக்கக்கூடும். நிழலுக்குக் கொண்டுபோய், தண்ணீர் கொடுக்கும் மேசையிலுள்ள ஐஸையும் குளிர்ந்த நீரையும் கழுத்து, அக்குள், தொடையிடுக்கு, உடம்பு முழுவதும் கொட்டிக்கொண்டே இருங்கள். இன்னொருவர் 108ஐ அழைக்கட்டும். வண்டி வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.