ஃபுல்லரீன்: கரிமக்கூண்டு

கரிம அணுக்கள் மட்டுமே ஐங்கோணமும் அறுகோணமுமாகப் பிணைந்து, உள்ளே வெற்றிடம் விட்டு மூடிக்கொண்ட மூலக்கூறு ஃபுல்லரீன். தமிழில் கரிமக்கூண்டு. இதைப் பற்றி எழுத எந்தச் சொற்கள் பொருந்தும் என்று பார்ப்போம்.

ஃபுல்லரீன் என்ற பெயரின் முற்பகுதி வேதியியலிலிருந்து வரவில்லை. 1985இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் குரோட்டோ, கர்ல், ஸ்மாலி ஆகியோரின் குழு, 60 கரிம அணுக்கள் கொண்ட சி60ஐக் கண்டது. அதன் வடிவை ஊகிக்க, கட்டட வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் குவிமாடங்கள் உதவின. அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஈற்றிலுள்ள 'ஈன்', எத்திலீனில் வருவதுபோல இரட்டைப் பிணைப்பைச் சுட்டும் விகுதி.

'பக்கிப்பந்து' என்றும் சொல்வதுண்டு. 12 ஐங்கோணமும் 20 அறுகோணமும் கொண்ட சி60க்கு அது பொருந்தும். பழைய கறுப்பு வெள்ளைக் கால்பந்தின் தையலேதான். ஆனால் 70 அணுக்கள் கொண்ட சி70 சற்று நீண்டது. சில கூண்டுகளுக்குள் லாந்தனம் என்ற உலோகத்தின் அணுவையே அடைத்திருக்கிறார்கள். பந்துக்குள் யாரைச் சிறை வைப்பது?

இந்த மூலக்கூறு உலோகப் பரப்பில் அமரும்போது 'பந்து' என்ற சொல் இன்னும் தடுமாறும். பந்துக்கு அடிப்பக்கம் கிடையாது, கூண்டுக்கு உண்டு. செம்புப் படிகத்தின் (111) எனக் குறிக்கப்படும் பரப்பில் சி60 பொதுவாக அறுகோண முகத்தைக் கீழே வைத்து அமர்கிறது. வேறு சூழலில் ஐங்கோணமோ, இரு முகங்கள் கூடும் விளிம்போ, ஒற்றை அணுவோகூடக் கீழே வரலாம். பரப்பிலுள்ள அணுக்களை மின்னோட்டத்தால் படமாக்கும் ஊடுருவு மின்னோட்ட நுண்ணோக்கியில் இது தெரியும்: அறுகோணம் கீழே இருந்தால் படத்தில் மேலே மூவிதழ் வடிவம், ஐங்கோணம் என்றால் வளைய வடிவம். இதற்குத் 'திசையமைவு' என்று எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் கேள்வி எத்திசை என்பதல்ல, எம்முகம் கீழே என்பதே; 'அமர்நிலை' என்றால் உடனே விளங்கும்.

அடுத்த சொல் அசைவு. திண்மப் படிகத்தில், அறை வெப்பநிலையில், சி60 இருந்த இடத்திலேயே ஓயாமல் சுழல்கிறது. ஏறத்தாழ 260 கெல்வினுக்கு (−13 டிகிரி செல்சியசுக்கு) கீழே குளிர்ந்தால் அந்தத் தாராளம் போய்விடும். உலோகத்தின்மேல் கதை வேறு. உலோகத்திலிருந்து எலக்ட்ரான் கூண்டுக்குப் பாய்ந்து பிணைப்பு இறுகுவதால் சுழற்சி மட்டுப்படுகிறது. இடம் பெயர்ந்தால் அது உருளலா, சறுக்கலா? இரண்டுக்கும் தனிச்சொல் வேண்டும். 'நகர்வு' என்று பொதுவாகச் சொல்லி நழுவக்கூடாது. 2005இல் அதே ரைஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு சி60 சக்கரம் பூட்டிய 'நானோ கார்' ஒன்றைத் தங்கப் பரப்பில் வைத்து, ஏறத்தாழ 200 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினார்கள். அது அச்சுக்குச் செங்குத்தான திசையிலேயே ஓடியது, ஆகவே உருளல். மூன்று சக்கரத்தை ஒரே மையத்தைச் சுற்றிப் பூட்டிய இன்னொரு மூலக்கூறோ, எங்கும் போகாமல் நின்ற இடத்திலேயே சுற்றியது.