கார்புரேட்டரிலிருந்து இன்ஜெக்‌ஷனுக்கு: பழைய பிக் பிளாக் எஞ்சினில் மாறுவது என்ன?

1958-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம் தன் வி8 கார்கள் சிலவற்றில் பெண்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய ‘எலக்ட்ரோஜெக்டர்’ என்னும், எஞ்சினுக்குள் பெட்ரோலை அளந்து தெளிக்கும் மின்னணு இன்ஜெக்‌ஷனைப் பொருத்தி விற்றது. சுமார் 35 கார்கள் மட்டுமே அப்படி வெளிவந்தன. அக்காலத்து மின்னணு உறுப்புகளை நம்பி எஞ்சினை ஓட்ட முடியாததால், பெரும்பாலான கார்களை நிறுவனமே திரும்ப அழைத்து, இன்ஜெக்‌ஷனைக் கழற்றிவிட்டு, காற்றில் பெட்ரோலைக் கலக்கும் வழக்கமான இயந்திரக் கருவியான கார்புரேட்டர்களை மாட்டிக் கொடுத்தது. பழைய கார்களைப் பராமரிப்பவர்கள் இன்று செய்துகொண்டிருப்பது அதற்கு நேர் எதிரான வேலை.

அவர்களில் பலர் கைவைக்கும் எஞ்சின், செவ்ரோலே 1970-இல் அறிமுகப்படுத்திய 454 கன அங்குல பிக் பிளாக் (பெரிய உடல் கொண்ட வி8 வகை). கொள்ளளவு ஏறத்தாழ 7.4 லிட்டர், அதாவது எட்டு சிலிண்டர்களில் ஒவ்வொன்றும் 0.93 லிட்டர். அதன் தலையில் அமர்ந்திருக்கும் நான்கு குழல் கார்புரேட்டரை இறக்கிவிட்டு, அதே நான்கு போல்ட் துளைகளில் பொருந்தும் த்ராட்டில் பாடி (காற்று புகும் வால்வு வாயில்) இன்ஜெக்‌ஷனை ஏற்றுவதுதான் இப்போது பரவலான முறை. பெட்டியைத் திறந்து ஒரு வார இறுதியில் மாட்டிவிடலாம் என்று விளம்பரங்கள் சொல்கின்றன. மாட்டுவது உண்மையிலேயே எளிதுதான்; ஆனால் வேலையின் பெரும்பகுதி அந்தப் பெட்டிக்கு வெளியே இருக்கிறது.

கார்புரேட்டர் காற்றை எடைபோடுவதில்லை. குறுகிய தொண்டை வழியே காற்று விரைந்து செல்லும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. மிதவைக் கிண்ணத்தில் உள்ள பெட்ரோலின் மேல் வெளிக்காற்றின் அழுத்தம் இருப்பதால், இந்த வேறுபாடு பெட்ரோலை ஜெட் (சிறு துளை) வழியே தொண்டைக்குள் தள்ளுகிறது. காற்று கூடினால் அழுத்த வேறுபாடு கூடும், பெட்ரோலும் கூடும். கம்பியோ சென்சாரோ இல்லாமல் இவ்வளவு தூரம் சரியாக நடப்பதே வியப்புக்குரியது. ஆனால் ஐட்லிங்கில் (வண்டி நிற்க, எஞ்சின் மட்டும் மெல்ல ஓடும்போது) தொண்டையில் போதிய வேகம் இல்லாததால் அதற்கென ஒரு தனிப் பாதை வேண்டும்; ஆக்சிலரேட்டரைத் திடீரென மிதித்தால் காற்று முந்திக்கொள்ளும் என்பதால் பெட்ரோலைப் பீய்ச்ச ஒரு சிறு பம்ப் வேண்டும்; குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப சோக் வேண்டும். கார்புரேட்டரின் சிக்கலான உடலமைப்பு முழுவதும் இப்படிச் சேர்ந்த ஒட்டுப்போடல்களே.

அந்த ஒட்டுப்போடல்களாலும் தீராத குறை, காற்றின் அடர்த்தி மாறுவது. தொண்டையின் அழுத்த வேறுபாடு, காற்றின் அடர்த்தியையும் அதன் வேகத்தின் வர்க்கத்தையும் சார்ந்தது. ஜெட் வழியே வரும் பெட்ரோலோ அந்த வேறுபாட்டின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது. ஆகவே அடர்த்தி குறையும்போது காற்றின் நிறை எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு பெட்ரோல் குறைவதில்லை. கொலராடோவில் 4,302 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் உச்சியில், காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ 65 விழுக்காடுதான். கடல்மட்டத்தில் சரியாக டியூன் செய்த கார்புரேட்டரை அங்கே கொண்டுபோனால், கணக்குப்படி, காற்றுக்கு ஏற்ற அளவைவிட ஏறத்தாழ 24 விழுக்காடு கூடுதலாகப் பெட்ரோல் ஊற்றும். புகைபோக்கி கறுப்பதற்கும் எஞ்சின் மூச்சுத் திணறுவதற்கும் அது போதும்.

புதிய அமைப்பு காற்றின் நிறையைக் கணக்கிடுகிறது. மேனிஃபோல்டின் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் குழாய்த்தொகுதி) உள்ளே உள்ள அழுத்தம், காற்றின் வெப்பநிலை, எஞ்சினின் சுழற்சி வேகம் ஆகிய மூன்றையும் சென்சார்கள் சொல்கின்றன. அந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் 0.93 லிட்டர் காற்று எவ்வளவு எடையிருக்கும் என்பது பள்ளிப் பாடத்தில் வரும் வாயு விதி. சிலிண்டர் உண்மையில் எத்தனை விழுக்காடு நிரம்புகிறது என்பதைக் கணினியின் நினைவகத்தில் உள்ள அட்டவணை சொல்கிறது. எடுத்துக்காட்டாக, ஐட்லிங்கில் மேனிஃபோல்டு அழுத்தம் 45 கிலோபாஸ்கல், காற்று 40 டிகிரி செல்சியஸ், நிரம்பும் அளவு 55 விழுக்காடு என்று கொண்டால், ஒரு சிலிண்டருக்குள் போகும் காற்று கால் கிராம். அதற்கு வேண்டிய பெட்ரோல் 18 மில்லிகிராம் அளவில் இருக்கும். மணிக்கு 100 பவுண்டு, அதாவது 45 கிலோ பெட்ரோல் செலுத்தவல்ல இன்ஜெக்டர் ஒன்றரை மில்லிவிநாடி திறந்திருந்தால் அது வந்துவிடும். முழு த்ராட்டிலில் (ஆக்சிலரேட்டரை முழுதும் மிதிக்கையில்) அதே இன்ஜெக்டர் ஐந்து மில்லிவிநாடிக்கு மேல் திறந்திருக்க வேண்டும். ஒன்றரையில் கால் மில்லிவிநாடி பிசகினாலும் மிக்சர் (காற்று-பெட்ரோல் கலவை) ஆறில் ஒரு பங்கு மாறிவிடும் என்பதால், பெரிய இன்ஜெக்டர்களைக் கொண்டு ஐட்லிங்கைச் சீராக வைப்பது, அதிகச் சக்தியை எடுப்பதைவிடக் கடினமான காரியம்.

கணக்கு சரியா என்று பார்க்க, எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. அது எரிந்த வாயுவில் எஞ்சிய ஆக்சிஜனைப் பார்க்கிறது. கணினி அதைக் கொண்டு அட்டவணையைத் திருத்திக்கொள்கிறது. இதைத்தான் ‘தானே கற்றுக்கொள்ளும்’ என்று விற்கிறார்கள். ஆனால் சென்சாருக்குத் தெரிவது ஆக்சிஜன் மட்டுமே, பெட்ரோல் அன்று. சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் சிறு கசிவு இருந்து வெளிக்காற்று நுழைந்தாலோ, ஒரு சிலிண்டரில் பிளக் பற்றாமல் காற்று அப்படியே வெளியேறினாலோ, பெட்ரோல் போதவில்லை என்றே கணினி முடிவுசெய்து மேலும் ஊற்றும். பந்தய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) பொருத்திய எஞ்சின்களில் இரு வால்வுகளும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் இடைவெளி நீண்டது. ஐட்லிங்கில் எரியாத காற்று எக்ஸாஸ்டில் கலந்து இதே பொய்யைச் சொல்லும். அந்த இடத்தில் சென்சாரின் திருத்தத்தைக் கட்டுப்படுத்திவிட்டு, அட்டவணையை மனிதரே கையால் திருத்துவதுதான் சரி.

பெட்ரோல் வரும் வழியை முழுக்க மாற்ற வேண்டியிருக்கும் என்பதைப் பலரும் குறைவாகவே மதிப்பிடுகிறார்கள். பழைய எஞ்சினின் பக்கவாட்டில் கேம்ஷாஃப்ட்டால் இயங்கும் பம்ப் சதுர அங்குலத்துக்கு ஐந்து முதல் ஏழு பவுண்டு அழுத்தம் தரும். இன்ஜெக்‌ஷனுக்கு 58 பவுண்டு வேண்டும். பழைய ரப்பர் ஹோஸை அந்த அழுத்தத்துக்குப் பயன்படுத்துவது, சூடான எக்ஸாஸ்ட்டின் பக்கத்தில் பெட்ரோல் தெளிப்பானை வைப்பதற்குச் சமம். மின்பம்ப் டேங்குக்குள் மூழ்கியிருப்பதே நல்லது. அது குளிர்ச்சியாகவும் இருக்கும், பெட்ரோலை உறிஞ்சும் சிரமமும் குறையும். இன்னொரு செய்தி: கார்புரேட்டரின் மிதவைக் கிண்ணம் சில விநாடிகளுக்கான பெட்ரோலைக் கையிருப்பாக வைத்திருந்தது. வளைவில் திரும்பும்போது டேங்கில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சினாலும் ஓட்டுநருக்குத் தெரியாது. இன்ஜெக்‌ஷனில் அந்தக் கையிருப்பு கிடையாது. காற்றுக் குமிழி வந்த கணமே எஞ்சின் தடுமாறும். ஆகவே தடுப்புகள் உள்ள டேங்க் வேண்டும்.

1958-இல் கிரைஸ்லரைப் படுத்திய மின்சாரத் தொல்லையும் முழுதாக ஓய்ந்துவிடவில்லை. உலோகக் கம்பி உள்ள பழைய பிளக் வயர்கள் ஒவ்வொரு தீப்பொறிக்கும் ஒரு சிறிய வானொலி நிலையம்போல் அலைகளை வீசும். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து வரும் சுழற்சி வேக சிக்னலில் அந்த அலை கலந்தால், எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதே கணினிக்குக் குழப்பமாகும். மின்தடை உள்ள வயர்களும் பிளக்குகளும் அவசியம். கணினியின் மின்சாரமும் எர்த்தும் நேரே பேட்டரியிலிருந்து வர வேண்டும். 1960-களில் வந்த 37 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்களுக்கு, பம்பையும் கணினியையும் ஹெட்லைட்டையும் ஐட்லிங்கில் சேர்த்துச் சுமப்பது கடினம்.

இத்தனைக்கும் பிறகு சக்தி கூடுமா? முழு த்ராட்டிலில் நன்றாக டியூன் செய்த கார்புரேட்டருக்கும் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷனுக்கும் பெரிய வேறுபாட்டை எதிர்பார்க்கக் கூடாது என்பதே என் கருத்து. பெட்ரோல் இரண்டிலும் மேனிஃபோல்டின் மேலேயே தெளிக்கப்படுகிறது. சுவர்களில் படலமாகப் படிந்து, மூலைச் சிலிண்டருக்கு ஒரு பங்கும் நடுச் சிலிண்டருக்கு வேறொரு பங்குமாகப் போகும் குறை அப்படியே தொடர்கிறது. அதைத் தீர்க்க ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலிலும் ஒரு இன்ஜெக்டர் வைக்கும் போர்ட் இன்ஜெக்‌ஷன் வேண்டும். அதற்கு மேனிஃபோல்டையே மாற்ற வேண்டும், செலவும் பல மடங்கு. அதிகாலைக் குளிரில் உடனே கிளம்புவது, மலையேறினாலும் மிக்சர் மாறாதிருப்பது, அரை த்ராட்டிலில் சீரான ஓட்டம் ஆகியவையே மலிவான முறையின் உண்மையான பலன்கள். கால் மைல் நேர்ப்பாதை (டிராக்) பந்தயத்தில் இவற்றுக்கு மதிப்பு குறைவு. அமெரிக்க டிராக் பந்தயத்தின் புரோ ஸ்டாக் பிரிவில், 500 கன அங்குல எஞ்சின்கள் கார்புரேட்டரிலேயே நெடுங்காலம் ஓடி, 2016-ஆம் ஆண்டில், அதுவும் விதிமுறை மாற்றத்தால்தான், இன்ஜெக்‌ஷனுக்கு மாறின.