டெக்கான் ட்ராப்: இது எலிப்பொறி இல்லை

ஆங்கிலத்தில் ட்ராப் என்றால் பொறி, அதனால் தக்காணத்து எரிமலைப் பாறை அடுக்குகளான டெக்கான் ட்ராப்பைத் தமிழில் ‘தக்காணப் பொறி’ என்று எழுதிவிடத்தான் கை போகும். ஆனால் இந்த ட்ராப்புக்கும் எலிப்பொறிக்கும் சம்பந்தமே இல்லை. சுவீடிஷ் மொழியில் ‘ட்ரப்பா’ என்றால் மாடிப்படி. அந்த ஊர் மலைகளில் கரும்பாறை படிபடியாக இறங்கி நிற்பதைப் பார்த்து 18ஆம் நூற்றாண்டில் வைத்த பெயர், அப்புறம் ஆங்கிலம் வழியாக நம் ஊர்ப் பாறைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது.

பெயர் பொருத்தம்தான். மகாராஷ்டிராவில் மகாபலேஷ்வர் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், மலைச்சரிவு முழுக்க ஏதோ ராட்சதன் ஏறிப்போக வெட்டிவைத்த மாதிரி படிக்கட்டு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இங்கே எரிமலை வெடித்தது என்றதும் கூம்பு மாதிரி ஒரு மலையை நினைக்க வேண்டாம். நிலம் நீளநீளமாகப் பிளந்து, அந்தப் பிளவுகள் வழியே குழம்பு பொங்கி ஊர் ஊராகப் பரவி, ஆறி இறுகி, அதன்மேல் அடுத்த குழம்பு வந்து படிந்து, இப்படியே அடுக்கு ஏறிக்கொண்டே போனது. மேற்குத் தொடர்ச்சி மலையில் சில இடங்களில் மொத்த கனம் 2 கிலோமீட்டருக்கு மேல். ஒவ்வொரு அடுக்கிலும் நடுப்பகுதி கெட்டி, மேல்பகுதியில் வாயுக்குமிழிகள் விட்டுப்போன ஓட்டைகள். மழையும் வெயிலும் ஓட்டைப் பகுதியைச் சீக்கிரம் அரித்துவிட, கெட்டிப் பகுதி செங்குத்தாக நின்றுவிடுகிறது. படி வந்த கதை அவ்வளவுதான். எல்லோராவின் கைலாசநாதர் கோயிலை மேலிருந்து கீழாகக் குடைந்ததும் இந்தப் பாறையில்தான்.

டெக்கான் நமக்குப் புதுச் சொல்லே இல்லை. தட்சிணம், அதாவது தெற்கு, பிராகிருதத்தில் தக்கிணம் ஆகி, தக்கன் ஆகி, வெள்ளைக்காரன் வாயில் டெக்கான் ஆனது. தமிழ்த்தாய் வாழ்த்தில் நாம் பாடுகிற ‘தெக்கணமும்’ அதே வேரில் வந்ததுதான்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘தெக்கணப் படிப்பாறை’ என்பேன். சைபீரியாவில் இதைவிடப் பழையது, 25 கோடி ஆண்டுக்கு முந்தையது ஒன்று இருக்கிறது, அது ‘சைபீரியப் படிப்பாறை’. பாறை வகையின் பெயர் பசால்ட், அதைப் பசால்ட் என்றே விட்டுவிடலாம். கருங்கல் என்று மட்டும் எழுதாதீர்கள், நிறம் கருப்பு என்பது உண்மைதான், ஆனால் நம் ஊரில் அம்மிக்கும் கோயில் தூணுக்கும் வெட்டுகிற கருங்கல் பூமிக்கு அடியில் ஆழத்தில் உருவான வேறு சாதி.