கீழ்பவானி வாய்க்கால்: கடைமடைக்கு மட்டும் ஏன் தண்ணீர் குறைகிறது?

ஈரோடு மாவட்டத்தின் பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால் நிறைந்து ஓடினால் நொடிக்கு 2,300 கன அடி. அப்படியே 120 நாள் ஓடினால் கிட்டத்தட்ட 24 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). ஆகஸ்ட் 15-ல் தொடங்கும் நன்செய்ப் போகத்துக்கு ஒதுக்கப்படும் அளவும் அதுவே. பவானிசாகர் அணையின் முழுக் கொள்ளளவு 32.8 டி.எம்.சி., வாய்க்கால் பாயும் நிலமான ஆயக்கட்டோ 2,07,000 ஏக்கர். எல்லோரும் ஒரே போகத்தில் நெல் நட முடியாது. அதனால்தான் மதகுகளை ஒற்றைப்படை, இரட்டைப்படை என்று பிரித்து, பாதி நிலத்துக்கு (1,03,500 ஏக்கர்) முதல் போகத்தில் நெல்லுக்கும், மறுபாதிக்கு அடுத்த போகத்தில் நிலக்கடலை, எள் போன்ற புன்செய்ப் பயிருக்கும் தண்ணீர். புன்செய்க்கு 12 டி.எம்.சி. மறு ஆண்டு முறை மாறும்.

இதற்கெல்லாம் முன்னால் பழைய பாசனத்தின் உரிமை இருக்கிறது. அணை வந்தது 1955-ல். காலிங்கராயன் வாய்க்கால் 13-ம் நூற்றாண்டு. கொடிவேரி அணைக்கட்டின் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களும் பவானிசாகர் அணைக்கு மிகவும் மூத்தவை. அவற்றுக்கான தண்ணீரை ஆற்றில் விட்டாக வேண்டும்.

உரிமை அணை வாசலில் அளக்கப்படுகிறது. வயலோ 200 கி.மீ. நீள வாய்க்காலில் எங்கோ இருக்கிறது. நடுவில் போவது எவ்வளவு?

வெயில் குடித்துவிடும் என்று பலர் நினைப்பார்கள். நாளுக்கு 6 மி.மீ. ஆவியாகிறது, நீர்ப்பரப்பின் சராசரி அகலம் 16 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மொத்த வாய்க்காலிலும் போவது நொடிக்கு 8 கன அடிக்குள்தான். மண் குடிப்பது வேறு கதை. கரை பூசாத வாய்க்காலில், களி கலந்த சாதாரண மண்ணானால், நனையும் பரப்பில் பத்து லட்சம் சதுர மீட்டருக்கு நொடிக்கு 1.8 முதல் 2.5 கன மீட்டர் கசிகிறது என்பது இந்தியாவில் நிலத்தடி நீர்க் கணக்குக்குப் பயன்படும் அளவு. நனையும் சுற்றளவு (குறுக்குவெட்டில் நீர் தொடும் அடி, கரை நீளம்) சராசரி 20 மீட்டர் என்றால் பரப்பு 40 லட்சம் சதுர மீட்டர். 2 என்று எடுத்தாலும் கசிவு நொடிக்குச் சுமார் 280 கன அடி. இது பிரதான வாய்க்காலில் மட்டும். பகிர்மான வாய்க்கால், வயல் வாய்க்கால் இழப்பு தனி.

வாய்க்கால் பாதி அளவில் ஓடினால் கசிவும் பாதியாகாது. அடியும் கரையின் பெரும்பகுதியும் நனைந்துகொண்டேதான் இருக்கும். ஆகவே முப்பது நாள் அரைகுறையாக விடுவதைவிடப் பதினைந்து நாள் முழு அளவில் விட்டு நிறுத்துவது மேல். புன்செய்ப் போகத்தில் சுற்றுச் சுற்றாகத் திறப்பது பயிருக்கும் பொருந்துகிறது, வாய்க்காலுக்கும் பொருந்துகிறது. ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் காய்ந்த அடிமண் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொள்ளும். அடைப்பதும் படிப்படியாகத்தான்: மட்டம் சட்டென்று இறங்கினால், ஊறிய கரைக்குள் இருக்கும் நீர் வெளியே தள்ள, கரை சரியும்.

வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடையின் பிரச்சினை கசிவோடு முடிவதில்லை. மதகுக் குழாயில் பாயும் நீர், அதன் மேல் நிற்கும் நீர்மட்டத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. வாய்க்காலில் ஓடும் நீரோ ஆழத்தின் 5/3 அடுக்கின்படி மாறுகிறது. ஆழம் கால்பங்கு குறைந்தால் வாய்க்காலின் ஓட்டம் 38 சதவீதம் குறையும்; வாய்க்காலின் தொடக்கப் பகுதியான தலைமடையில் அடிமட்டத்தில் வைத்த மதகு எடுப்பது 13 சதவீதம்தான் குறையும். தலைமடைக்காரர் ஷட்டரைத் தொடவே இல்லை, ஆனாலும் பற்றாக்குறை மொத்தமும் கீழே தள்ளப்படுகிறது. 'மேலே திருடுகிறார்கள்' என்ற புகாரில் ஒரு பங்கு இந்தக் கணக்குக்கு உரியது. (திருட்டும் உண்டு, அதை மறுக்கவில்லை.)

கான்கிரீட் போட்டால் கசிவு ஐந்தில் ஒன்றாகும் என்பது அதே கணக்கு முறையின் மதிப்பு. 280 கன அடி 60-க்குக் கீழே வரும். கடைமடைக்கு அது லாபம். ஆனால் கசிந்த நீர் காணாமல் போகவில்லை. வாய்க்காலுக்குக் கீழ்ப்புறக் கிணறுகளில் ஊறி, தென்னைக்கும் மஞ்சளுக்கும் பாய்ந்துகொண்டிருந்தது. 2020-ல் சுமார் 709 கோடி ரூபாயில் அறிவிக்கப்பட்ட சீரமைப்புத் திட்டம் விவசாயிகளையே இரண்டாகப் பிரித்ததன் காரணம் இது: ஒருவரின் இழப்பு இன்னொருவரின் ஊற்று. அந்த ஊற்றுக்கு மட்டும் எந்த ஆணையிலும் ஏக்கர் கணக்கு இல்லை.

கான்கிரீட் போட்டாலும் மதகின் வர்க்கமூலம் மாறாது. ஓட்டம் குறைந்த நாளில் தலைமடை ஷட்டர்களை அதற்கேற்ப இறக்கவும், கடைசி மைலில் அளவுகோலைத் தினமும் பார்க்கவும் ஆள் வேண்டும்.